கீன்லாண்ட் வசந்தப் பந்தயத்தின் முதல் நாள்: காலை முதல் மாலை வரை

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் கீன்லாண்ட் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு நாளைக்கு ஒன்பது அல்லது பத்துப் பந்தயங்கள். பெரும்பாலானவை ஒரு நிமிடத்தைத் தாண்டி இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் குதிரைகள் ஓடுவது கால் மணி நேரம். பகல் 1 மணிக்கு முதல் பந்தயம் கிளம்பினால், கடைசிக் குதிரை லாயம் திரும்ப மாலை ஆறு மணி நெருங்கிவிடும். ஆக, ஐந்து மணி நேரத்தில் நாலே முக்கால் மணி நேரம் அங்கே எதுவுமே ஓடாது.

புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். கால் மணி நேரத்துக்காக வந்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பியர் வரிசையிலும் கழிப்பறை வரிசையிலும் நின்று, "இவ்வளவுதானா?" என்று கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். அந்த நாலே முக்கால் மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இடமும் நாளும்

கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் நகரின் மேற்கு ஓரம், வெர்சேல்ஸ் சாலை, புளூ கிராஸ் விமான நிலையத்துக்கு நேர் எதிரே. பிரெஞ்சு அரண்மனையை நினைத்துக்கொண்டு 'வெர்சாய்' என்று வழி கேட்டால் ஊர்க்காரர் சிரிப்பார். இங்கே அது வெர்சேல்ஸ்தான்.

ஜாக் கீன் என்பவர் தன் பண்ணையில் தனக்கும் நண்பர்களுக்குமாக ஒரு பந்தயத் திடல் கட்ட ஆரம்பித்தார். சுண்ணாம்புக்கல்லை இழைத்து இழைத்துக் கட்டியதில் பணமும் காலமும் கரைந்தன. 1935இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை வாங்கினார்கள். 1936 அக்டோபர் 15 அன்று முதல் பந்தயம் நடந்தது. இன்றும் அந்தக் கல் சுவர்கள்தான் இடத்தின் முகம். ஏப்ரலில் ஏறக்குறைய மூன்று வாரம், அக்டோபரில் ஏறக்குறைய மூன்று வாரம், அவ்வளவுதான் இங்கே பந்தயம். மற்ற மாதங்களில் ஏலம் நடக்கும். 1985இல் இங்கே ஒரு வயதுக் குட்டி ஒன்று 1.31 கோடி டாலருக்குப் போனது. பெயர் சியாட்டில் டான்சர். நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, இங்கே அதையே கோட்டு சூட்டு போட்டு, தலையை லேசாக ஆட்டிச் செய்கிறார்கள்.

வசந்த காலத் தொடக்க நாள் பெரும்பாலும் ஏப்ரலின் முதல் வெள்ளியை ஒட்டி வரும். அதன் பிறகு பொதுவாகப் புதன் முதல் ஞாயிறு வரை பந்தயம். திங்கள், செவ்வாய் ஓய்வு. லெக்சிங்டனிலேயே ரெட் மைல் என்று இன்னொரு திடல் இருக்கிறது. அங்கே குதிரைகள் வண்டி பூட்டி ஓடும். கைப்பேசி வரைபடத்தை அவசரமாகத் தட்டி அங்கே போய் இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் முன்பே

டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். தொடக்க நாளில் வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பொது நுழைவுச் சீட்டு சில டாலர்தான், அதுவே போதும். இருக்கை எண் போட்ட டிக்கெட் விலை கூடுதல், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். இருக்கை இருந்தால் உட்கார்ந்துவிடுவீர்கள். உட்கார்ந்துவிட்டால் நான் கீழே சொல்லப்போகும் எதையும் பார்க்க மாட்டீர்கள்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு 'தி ஹில்' என்ற மேட்டுப் பகுதி நல்லது. வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பெரிய திரையில் பந்தயம் பார்க்கலாம், அங்கேயே பந்தயப் பணமும் கட்டலாம். புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுபோகத் தோதான இடம் அதுதான். அங்கிருந்து திடலுக்குள் போகும்போது கூலர் பெட்டியோடு விட மாட்டார்கள். வண்டி நிறுத்தும் விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உடை. பெரிய தொப்பி எல்லாம் மே மாதம் லூயிவில்லில் நடக்கும் கென்டக்கி டெர்பி பந்தயத்துக்கு. கீன்லாண்டில் ஆண்கள் பெரும்பாலும் கோட்டும் டையும், பெண்கள் வெளிர் நிறப் பூப்போட்ட உடையும் போட்டு வருவார்கள். பொதுப் பகுதியில் கட்டாயம் இல்லை, கிளப்ஹவுஸ் என்ற தனிப் பகுதிக்குத்தான் கெடுபிடி. கென்டக்கிப் பல்கலைக்கழக மாணவர்கள் அன்று வகுப்பை மட்டம் போட்டுவிட்டு அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கவே தனி அழகு. காட்டன் புடவை கட்டி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். குதிகால் செருப்பு மட்டும் வேண்டாம். புல்தரையில் நடக்க வேண்டியிருக்கும், ஊசிக் குதிகால் ஆணி மாதிரி இறங்கிவிடும்.

குளிருக்கு ஒன்று கையில் இருக்கட்டும். ஏப்ரல் தொடக்கத்தில் மதியம் 16 டிகிரி செல்சியஸ் இருந்தாலே நல்ல நாள். காலையில் ஐந்துக்கும் இறங்கும். ரெட்பட் மரம் ஊதாவாகப் பூக்கும் நேரத்தில் திரும்ப வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போகும் குளிருக்கு 'ரெட்பட் குளிர்' என்றே இங்கே பெயர். மழையையும் லேசாக எடுக்காதீர்கள். 2025இல் தொடக்க நாளுக்கு மறுநாள், ஏப்ரல் 5 சனிக்கிழமை, மழை வெள்ளத்தால் பந்தயங்களே ரத்தாகிப் பெரிய பந்தயமான புளூ கிராஸ் ஸ்டேக்ஸ் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது.

காலையில்: பந்தயத்துக்கு முந்தைய பந்தயம்

முடிந்தால் முந்தின நாளே லெக்சிங்டன் வந்து தங்குங்கள். விடிகாலையில் குதிரைகள் பயிற்சி எடுப்பதைக் கம்பிவேலி ஓரம் நின்று சும்மாவே பார்க்கலாம், காசு கிடையாது. பனிமூட்டம் இருந்தால் முதலில் காதில்தான் விழும்: குளம்புச் சத்தம், அப்புறம் மூச்சு. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு, துருத்தி ஊதுகிற மாதிரி. உருவம் கடைசியில்தான் தெரியும், தெரிந்த கணமே கடந்தும் போய்விடும். ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி உங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் போகும்போது காலடியில் தரை அதிர்வதைத் தொலைக்காட்சியில் உணர முடியாது.

பிறகு டிராக் கிச்சன். லாயத்தில் வேலை செய்பவர்கள் சாப்பிடும் கேண்டீன், பொதுமக்களுக்கும் உண்டு. பக்கத்து மேசையில் நேற்றுப் பேப்பரில் படம் வந்த டிரெய்னர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கண்டுகொள்ளாத மாதிரி இருப்பதுதான் இங்கே மரியாதை. பிஸ்கட் (இங்கே அது மிருதுவான பன் மாதிரி) மேல் ஊற்றும் வெள்ளைக் கிரேவியில் பொதுவாகப் பன்றிக்கறி இருக்கும். சைவக்காரர்கள் கிரிட்ஸ் பக்கம் ஒதுங்கிவிடுங்கள், ஏறக்குறைய நம் சோளக் கஞ்சிதான்.

புரோகிராம் படிப்பது

வாசலில் வாங்கும் முதல் பொருள் அன்றைய புரோகிராம் புத்தகம். திறந்ததும் பஞ்சாங்கம் மாதிரி இருக்கும், மிரள வேண்டாம். எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மேலே மூன்று விஷயம் பாருங்கள்: எவ்வளவு தூரம், மண்ணா புல்லா, யாருக்கான பந்தயம்.

தூரம் ஃபர்லாங்கில் இருக்கும். நம் தாத்தாக்கள் "இங்கேருந்து ரெண்டு ஃபர்லாங்" என்பார்களே, அதே ஃபர்லாங்தான். எட்டு சேர்ந்தால் ஒரு மைல். 'மெய்டன்' என்று போட்டிருந்தால் இதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரைகள். 'கிளெய்மிங்' என்றால் அதில் ஓடும் எந்தக் குதிரையையும் குறித்த விலைக்கு இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். நல்ல குதிரையைச் சின்னப் பந்தயத்தில் இறக்கி எளிதாக ஜெயிக்கலாம் என்று நினைக்கும் முதலாளிக்கு அதுவே கடிவாளம். 'ஸ்டேக்ஸ்' என்றால் பெரிய பந்தயம், அதிலும் 'கிரேடு 1' உச்சம்.

தொடக்க நாளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அன்றைய சுவாரஸ்யமும் அதுதான். போன அக்டோபருக்குப் பிறகு இந்த மண்ணில் ஒரு குதிரையும் பந்தயம் ஓடியிருக்காது. குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இருந்தது. சில ஃபுளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கில், சில நியூ ஆர்லியன்சின் ஃபேர் கிரவுண்ட்சில், சில ஆர்கன்சாவின் ஓக்லானில். உள்ளூரிலேயே தங்கியவை வடக்கு கென்டக்கியின் டர்ஃப்வே பார்க்கில் ஓடியிருக்கும். அங்கே தரை மண்ணே இல்லை. மெழுகு பூசிய மணலும் இழையும் கலந்த செயற்கைத் தரை. நாலு பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்த மாதிரி. யார் உண்மையில் கெட்டிக்காரர் என்று முதல் பரீட்சைக்கு முன் எப்படிச் சொல்வது?

என் அனுபவத்தில் ஒரு சின்ன வழி: டர்ஃப்வேயில் ஜெயித்த குதிரை கீன்லாண்டில் புல்லில் ஓடினால் நம்புவேன், மண்ணில் ஓடினால் யோசிப்பேன். செயற்கைத் தரையில் பின்னால் வரும் குதிரைக்கு முகத்தில் மண் தெறிப்பது குறைவு. மண் தரையில் முதல் தடவை முகத்தில் மண் விழுந்ததும் தலையைத் தூக்கிப் பின்வாங்கும் குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், ஏப்ரலில் இங்கே இரண்டு வயதுக் குட்டிகள் முதன்முதலாக ஓடும். நாலரை ஃபர்லாங், ஒரு நிமிடம்கூட ஆகாது. இங்கே ஓடும் தாரோபிரெட் இனக் குதிரைகளுக்கு எப்போது பிறந்தாலும் ஜனவரி 1தான் பிறந்தநாள், அதனால் 'இரண்டு வயது' என்பதில் பலவற்றுக்கு உண்மையில் இரண்டு நிறைந்திருக்காது. பழைய ஓட்டம் எதுவும் கிடையாது, புரோகிராமில் அந்தப் பக்கம் வெறிச்சென்று இருக்கும். வெஸ்லி வார்ட் என்ற டிரெய்னருக்கு இந்தக் குட்டிப் பந்தயங்களில் பெரிய பெயர். ஊரே அவர் குதிரை மேல் கட்டும், அதனால் ஜெயித்தாலும் கைக்கு வருவது சொற்பம். நான் இந்தப் பந்தயத்தில் பணம் கட்டுவதில்லை. ஆனால் பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சேணம் பூட்டி நடத்தும் பேடாக்கில் தவறாமல் பார்ப்பேன், பள்ளிக்கூடத்தின் முதல் நாள் மாதிரியே இருக்கும். ஒன்று முறைக்கும், ஒன்று கத்தும், ஒன்று எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க மறந்துவிடும்.

பேடாக்: முக்கால்வாசி நேரம் நிற்க வேண்டிய இடம்

ஒவ்வொரு பந்தயத்துக்கும் சுமார் இருபது நிமிடம் முன்னால் குதிரைகள் லாயத்திலிருந்து பேடாக்குக்கு வரும். அங்கே சேணம் பூட்டுவார்கள். பிறகு குதிரைக்காரர் ஒவ்வொருவரும் தன் குதிரையைப் பிடித்து வட்டமாக நடத்துவார். பார்ப்பவருக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த வேலி, அவ்வளவுதான். பழைய சிக்கமோர் மரம் இருக்கும் பகுதியில் நிழலும் கிடைக்கும்.

குதிரையின் முதுகில் சேணத்துக்கடியில் போட்டிருக்கும் துணியின் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1 சிவப்பு, 2 வெள்ளை, 3 நீலம், 4 மஞ்சள், 5 பச்சை, 6 கறுப்பு, 7 ஆரஞ்சு, 8 இளஞ்சிவப்பு. வட அமெரிக்கா முழுக்க இதுதான் முறை. தூரத்தில் ஓடும்போது எண் தெரியாது, நிறம் தெரியும்.

என்ன பார்ப்பது? என் தாத்தா மாடு பிடிக்கப் போனால் முதல் கால் மணி நேரம் விலை கேட்கவே மாட்டார். தூரத்தில் நின்று மாடு நடப்பதை மட்டும் பார்ப்பார். அப்புறம்தான் சுழி, பல், குளம்பு எல்லாம். பேடாக்கிலும் அதே வரிசைதான். முதல் சுற்றில் நடையை மட்டும் பாருங்கள். முன்கால் பதிந்த தடத்தைப் பின்கால் தாண்டி விழுந்தால் நல்ல நடை. தலை லேசாகக் கவிழ்ந்து, கழுத்து தளர்ந்து, கடிவாளத்தோடு சண்டை போடாமல் வந்தால் மனசு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் சுற்றில் காது: முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்தால் கவனம், பின்னால் ஒட்டிக் கிடந்தால் எரிச்சல். மூன்றாவதாக வியர்வை. வெயில் நாளில் கழுத்தில் கொஞ்சம் வியர்ப்பது சரி. குளிர்ந்த ஏப்ரலில், பின்தொடைகளுக்கு நடுவில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வழிந்தால் அந்தக் குதிரை பந்தயத்தைப் பாதி இங்கேயே ஓடி முடித்துவிட்டது. வாலை விடாமல் சுழற்றினாலும் அப்படித்தான். தோல் மினுமினுப்பு கடைசியில்தான். அது எல்லார் கண்ணிலும் படும், அதனால் அதை வைத்து யாருக்கும் லாபமில்லை.

ஒரு வருடம் மழைக்கு மறுநாள், பழுப்பு நிறப் பெட்டை ஒன்று நாலாவது சுற்றில் என் எதிரே வந்து நின்றுவிட்டது. குதிரைக்காரர் இழுக்கவில்லை, வாரைத் தளர்த்திக் காதருகில் ஸ்பானிஷில் ஏதோ முணுமுணுத்தார். மூக்குத் துவாரம் ஒரு தடவை விரிந்து சுருங்கியது, ஒரு பெருமூச்சு, அப்புறம் தானாகவே நடந்தது. அதன் மேல் ஐந்து டாலர் கட்டினேன். ஆறாவதாக வந்தது. ஆனாலும் அன்றைக்கு என் ஞாபகத்தில் இருக்கும் குதிரை அது ஒன்றுதான்.

ஜாக்கிகள் வருவார்கள், டிரெய்னர் இரண்டு வார்த்தை சொல்வார், "ரைடர்ஸ் அப்" என்ற குரல். டிரெய்னர் ஜாக்கியின் இடது காலைப் பிடித்து ஒரு தூக்கு, மேலே. அந்த நொடியில் குதிரை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டப் போக வேண்டும். அதற்குமுன் கட்டியவர்கள் காகிதத்தின் மேல் கட்டியவர்கள்.

பணம் கட்டுவது

நம் வீடுகளில் 'ரேஸுக்குப் போகிறவன்' என்றாலே ஒரு முகச்சுளிப்பு உண்டு. கிண்டியில் வீட்டை விட்டவர் கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். குதிரைப் பந்தயம் சூதாட்டமா திறமையா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது, 1996இல் திறமைக்கே இடம் அதிகம் என்று தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்பை நம்பி அதிகம் கட்டிவிடாதீர்கள். இவ்வளவுதான் என்று ஒரு தொகையை, உதாரணமாக 40 டாலரைத் தனிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கவர் காலியானால் பேடாக்கில் நின்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம். கவரைத் தாண்டிக் கை போகும் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் இருந்தால், கட்டவே கட்டாதீர்கள்.

பணம் கட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே தனி ஆளாகப் பந்தயப் பணம் வாங்கும் புக்கி கிடையாது. எல்லார் பணமும் ஒரே குடத்தில் சேரும், நடத்துபவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். 1867இல் பாரிசில் ஜோசப் ஒல்லர் கண்டுபிடித்த முறை. எளிய பந்தயங்களிலேயே அந்தப் பங்கு ஆறில் ஒன்றுக்கும் சற்று மேல் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் போட்டி போடுவது திடலோடு இல்லை, பக்கத்தில் நிற்பவரோடு. விகிதம் காட்டும் பலகையில் 5-2 என்றிருந்தால் இரண்டு டாலருக்கு ஐந்து லாபம், போட்டதும் சேர்த்துக் கையில் ஏழு. 8-1 என்றால் பதினெட்டு. இந்த விகிதம் குதிரைகள் கிளம்பிய பிறகுகூட மாறும், நாடு முழுவதிலிருந்தும் வந்த பணம் அப்போதுதான் கணக்கில் ஏறி முடியும். கோபப்படாதீர்கள்.

வின் என்றால் முதலாவது வர வேண்டும். பிளேஸ் என்றால் முதல் இரண்டில், ஷோ என்றால் முதல் மூன்றில். ஊரில் பிளேஸ் என்றால் மூன்றாவதுக்கும் உண்டே என்று பழைய ஞாபகத்தில் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. எக்ஸாக்டா என்பது முதல் இரண்டை அதே வரிசையில் சொல்வது, ட்ரைஃபெக்டா மூன்றை. புதியவர்களுக்கு இரண்டு டாலர் வின் அல்லது ஷோ போதும். எல்லாப் பந்தயத்திலும் கட்டாதீர்கள். பேடாக்கில் ஒரு குதிரை உங்களைப் பிடித்து நிறுத்தினால் மட்டும் கட்டுங்கள். எனக்கு ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் அப்படி நடந்ததில்லை.

கவுன்டரில் சொல்லும் வரிசை முக்கியம்: திடல், பந்தய எண், தொகை, வகை, குதிரை எண். "கீன்லாண்ட், ஃபோர்த் ரேஸ், டூ டாலர்ஸ் டு வின் ஆன் தி சிக்ஸ்." குதிரையின் பெயரைச் சொன்னால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இயந்திரத்தில் போடுவதாக இருந்தால் மேலே எந்தத் திடல் என்று பாருங்கள். நாட்டின் மற்ற திடல்களுக்கும் அதே இயந்திரம்தான். அவசரத்தில் நான் ஒரு தடவை நியூயார்க்கில் ஓடிய குதிரை ஒன்றின் மேல் பத்து டாலர் கட்டிவிட்டு, கீன்லாண்டில் என் குதிரை ஜெயித்ததும் குதியோ குதி என்று குதித்தேன். டிக்கெட்டைக் கவுன்டரில் நீட்டியபோதுதான் தெரிந்தது.

டிக்கெட்டை வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள். பந்தயம் முடிந்தும் தூக்கி எறியாதீர்கள். பலகையில் 'அஃபிஷியல்' என்று வரும்வரை எதுவும் முடிவில்லை. ஒரு குதிரை இன்னொன்றை மறித்ததாக விசாரணை வந்தால் வரிசையே மாறும். வெளியே மழை பெய்தால் புல்லில் ஓட வேண்டிய பந்தயத்தை மண்ணுக்கு மாற்றுவார்கள், பல குதிரைகள் விலகும். அப்போது காலையில் போட்ட கணக்கெல்லாம் வீண். மறுபடி பேடாக்குக்குப் போங்கள்.

எங்கே நின்று பார்ப்பது

பேடாக், கவுன்டர், கம்பிவேலி. இந்த மூன்றையும் அரை மணிக்கொரு சுற்று சுற்றுவதுதான் நாள் முழுக்க வேலை. எக்காளம் ஊதியதும் குதிரைகள் திடலுக்கு வரும், அங்கிருந்து ஓட்டம் தொடங்கச் சுமார் பத்து நிமிடம். 1997 வரை கீன்லாண்டில் ஒலிபெருக்கி வர்ணனையே கிடையாது. தூரத்தில் நடப்பதை அவரவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இன்று வர்ணனை உண்டு, ஆனால் கூட்டத்தின் சத்தத்தில் கடைசி நேரத்தில் எதுவும் கேட்காது, அதனால் நிறம்தான் துணை.

வேலியோரம் எங்கே நிற்பது என்பதில் ஒரு சூட்சுமம். மண் தரையின் சுற்றளவு ஒரு மைலும் பதினாறில் ஒரு பங்கும். அதே தூரம் ஓடும் பந்தயங்கள் வழக்கமான முடிவுக்கோட்டில் முடிவதில்லை, அதற்கு அரை ஃபர்லாங் முன்னாலேயே இருக்கும் இன்னொரு கோட்டில் முடியும். தொடக்க நாளின் பெரிய பந்தயமான ஆஷ்லாண்ட் ஸ்டேக்ஸ் சரியாக அந்தத் தூரம்தான். இது தெரியாமல் பெரிய முடிவுக்கோட்டுக்கு எதிரே இடம் பிடித்து நின்றால், உங்களைக் கடக்கும்போது ஜாக்கிகள் எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்துக்கொண்டிருப்பார்கள். பந்தயம் முடிந்து சில நொடிகள் ஆகியிருக்கும்.

ஆஷ்லாண்ட்

மூன்று வயதுப் பெட்டைக்குதிரைகளுக்கான கிரேடு 1 பந்தயம். அரசியல்வாதி ஹென்றி கிளேயின் லெக்சிங்டன் பண்ணை வீட்டின் பெயர் அது. 1936இல் தொடங்கியது. இதில் முதலில் வரும் பெட்டைகளுக்கு மே மாதக் கென்டக்கி ஓக்சுக்கு இடம் பிடித்துத் தரும் புள்ளிகள் கிடைக்கும். ஓக்ஸ் என்பது டெர்பிக்கு முந்தின நாள், டெர்பி நடக்கும் அதே சர்ச்சில் டவுன்ஸ் திடலில், பெட்டைகளுக்கு மட்டும். 2021இல் ஆஷ்லாண்டை ஜெயித்த மாலதாத் ஓக்சையும் ஜெயித்தது. 2022இல் ஆஷ்லாண்டை ஜெயித்த நெஸ்ட் அதே ஆண்டு பெல்மான்ட் ஸ்டேக்சில் ஆண் குதிரைகளோடு ஓடி இரண்டாவதாக வந்தது.

இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் முந்தின பந்தயத்தைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். எல்லாரும் வேலிப் பக்கம் ஓடும்போது நீங்கள் பேடாக்குக்குப் போய் முன்வரிசையைப் பிடியுங்கள். பெட்டைகள் வந்ததும் இரண்டே சுற்று பார்த்துவிட்டு, கவுன்டருக்குப் போகாமல் நேராக அந்த முதல் கோட்டுக்கு நடையைக் கட்டுங்கள். பணம் கட்டுவதாக இருந்தால் காலையிலேயே கட்டியிருக்கலாம். இரண்டும் செய்ய நேரம் இருக்காது. ஓட்டம் ஒரு நிமிடம் நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு விநாடி, மணிக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் வேகம். கடைசி வளைவுக்கும் முடிவுக்கோட்டுக்கும் நடுவிலிருக்கும் நேர்ப்பகுதி சுருங்கிவிடுவதால், கடைசி வளைவில் முன்னால் இருப்பதைத் துரத்திப் பிடிப்பது கடினம். பின்னாலிருந்து பாய்ந்து வரும் குதிரை மேல் ஆசை வைத்திருந்தால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, சுருக்கமாக

பர்கூ என்று ஒரு கெட்டிக் குழம்பு, இந்த ஊரின் அடையாளம். மாட்டிறைச்சி உட்படப் பலவகை இறைச்சி சேரலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். ரொட்டிப் புட்டிங் மேல் ஊற்றுவது போர்பன் விஸ்கி சாஸ். குழந்தைக்குக் கொடுக்கும்முன் யோசிக்கவும். ஏல்-8-ஒன் என்ற இஞ்சி சோடா பக்கத்து ஊர் வின்செஸ்டரில் செய்வது, நம் ஜிஞ்சர் பீர் குடித்தவர்களுக்குப் பிடித்துவிடும். மூன்றாவது பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை நிமிடம்தான் கடை வரிசை காலியாக இருக்கும் நேரம். ஒரு பந்தயத்தை அதற்காகத் தியாகம் செய்யலாம்.

கிளம்பும்போது

கடைசிப் பந்தயம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுப்பார்கள். வெர்சேல்ஸ் சாலை அரை மணி நேரம் நகராது. நான் கிளம்ப மாட்டேன். வேலியோரம் நின்றால், ஜெயிக்காத குதிரைகள் சேணம் கழற்றப்பட்டு, உடம்பெல்லாம் மண்ணோடு, குதிரைக்காரரின் தோளில் தலையை உரசிக்கொண்டு லாயத்துக்கு நடந்து போவதைப் பார்க்கலாம். எதிரே விமானம் ஒன்று தாழ்வாக இறங்கும். அவை நிமிர்ந்துகூடப் பார்க்காது.

வண்டி எடுக்கும்முன் சட்டைப் பையை ஒரு தடவை துழாவுங்கள். ஜெயித்த டிக்கெட்டை மாற்ற மறந்திருந்தாலும் மறுநாள் வந்து மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் பெரும்பாலும் புளூ கிராஸ் ஸ்டேக்ஸ். கூட்டம் இதைவிட இரண்டு மடங்கு என்று தோன்றும், அதனால் விடிகாலைப் பயிற்சி பார்க்க ஆறரைக்கே வந்துவிடுங்கள்.